அணையில் இருப்பது யாருடைய தண்ணீர்? பரம்பிக்குளம்–ஆழியாறு திட்டம் வேலை செய்யும் விதம்

தென்மேற்குப் பருவமழை நன்றாகப் பிடித்துக்கொண்ட ஆண்டுகளில், ஜூலை கடைசியில் பொள்ளாச்சி, உடுமலைப் பக்கம் டீக்கடைகளில் ஒரே பேச்சுதான். சோலையாறு எத்தனை அடி, பரம்பிக்குளம் எத்தனை அடி, ஆழியாறு எப்போது நிறையும். செய்தித்தாளில் வரும் நீர்மட்டப் பட்டியலைப் பார்த்துவிட்டுத்தான் பலர் மற்ற செய்திக்கே போவார்கள். பேச்சின் முடிவில் யாராவது ஒருவர் நிச்சயம் கேட்பார்: “டேமு ரொம்பிருச்சுங்கறாங்க, நம்ம வாய்க்கால்ல தண்ணியக் காணமே?”

நியாயமான கேள்வி. ஆனால் இதற்கு அணையின் நீர்மட்டத்தை மட்டும் பார்த்துப் பதில் சொல்ல முடியாது. அணையில் நிற்கும் தண்ணீரில் ஒரு பகுதி ஏற்கெனவே வேறொருவருக்குச் சொல்லிவைத்த தண்ணீர். ஒரு பகுதி மதகுக்கே எட்டாத ஆழத்தில் கிடக்கிறது. இன்னொரு பகுதி நமக்குத்தான், ஆனால் நம் முறை வர இன்னும் ஓராண்டு இருக்கலாம். பி.ஏ.பி. என்று எல்லோரும் சொல்லும் பரம்பிக்குளம்–ஆழியாறு பாசனத் திட்டத்தில் இந்த மூன்றுமே இருக்கின்றன. ஒரு பாசன அணை எப்படித் தண்ணீரைத் தேக்குகிறது, கொண்டு சேர்க்கிறது, கைமாற்றிக்கொள்கிறது என்று புரிந்துகொள்ள இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

முதலில் மலையைப் பார்த்துவிடலாம். ஆனைமலைத் தொடரின் உச்சிப் பகுதியான வால்பாறையைச் சுற்றி மழை கொட்டுகிறது. அங்கே இருக்கும் சின்னக்கல்லாறு, தமிழ்நாட்டிலேயே அதிகம் மழை பெறும் இடங்களில் ஒன்று. ஆனால் அந்த மழை விழுந்து உருவாகும் நீராறு, சோலையாறு, ஆனைமலையாறு, பரம்பிக்குளம் போன்ற ஆறுகள் இயல்பாக மேற்கே கேரளத்துக்குள் இறங்கி அரபிக் கடலில் சேர்பவை. மலையின் கிழக்குச் சரிவில், மழை மறைவுப் பிரதேசத்தில், உடுமலை, பல்லடம், காங்கேயம், வெள்ளகோவில் என்று வரிசையாக வறண்ட நிலம். நல்ல செம்மண்ணும் கரிசலும் உண்டு, உழைக்க ஆளும் உண்டு, ஆழமான கிணறும் உண்டு. தண்ணீர்தான் மலைக்கு அந்தப் பக்கம் ஓடியது.

அதை இந்தப் பக்கம் திருப்பவேண்டும் என்ற யோசனைக்கு 1950களில் உருவம் கிடைத்தது. வேட்டைக்காரன்புதூர் வி.கே. பழனிச்சாமிக் கவுண்டர், பொள்ளாச்சி நா. மகாலிங்கம், சி. சுப்பிரமணியம் ஆகியோரின் பெயர்களை இந்தப் பக்கம் இன்றும் நன்றியோடு சொல்வார்கள். முதல்வராக இருந்த காமராஜர் கேரளத்தோடு பேசி வழி பண்ணினார். 1961 அக்டோபர் 7 அன்று நேரு வந்து திட்டத்தைத் தொடங்கிவைத்தார். இரு மாநில ஒப்பந்தம் கையெழுத்தானது அதற்குப் பிறகு, 1970 மே 29 அன்று. ஆனால் அது 1958 நவம்பர் 9 முதலே நடைமுறைக்கு வந்ததாக வைத்துக்கொண்டார்கள். அதாவது காகிதத்தில் எழுதி முடிப்பதற்கு முன்பே அணைகள் எழும்பத் தொடங்கிவிட்டன. இரண்டு மாநிலங்கள் பேச்சை நம்பி மலையைக் குடைய ஆரம்பித்த காலம் அது. இன்றைக்கு நினைத்துப் பார்த்தால் பெருமூச்சுதான் வருகிறது.

சரி, சின்னக்கல்லாறு பக்கம் விழுந்த ஒரு சொட்டு மழை எப்படி வெள்ளகோவில் வரைக்கும் வருகிறது?

நீராற்றின் குறுக்கே ஒரு தடுப்பணையும், கீழே ஒரு அணையும் இருக்கின்றன. அங்கே மறித்த தண்ணீர் சுரங்க வழியாகச் சோலையாறு அணைக்கு வருகிறது. சோலையாறு 5.39 டி.எம்.சி. (ஒரு டி.எம்.சி. நூறு கோடி கன அடி) கொள்ளளவு கொண்டது, அதன் அளவுகோலில் முழு மட்டம் 160 அடி. அங்கிருந்து மானாம்பள்ளி மின் நிலையத்தில் இறங்கி, மின்சாரம் கொடுத்துவிட்டுப் பரம்பிக்குளம் அணைக்குப் போகிறது. பரம்பிக்குளத்திலிருந்து இன்னொரு சுரங்கம் தூணக்கடவு அணைக்கு. பக்கத்திலேயே இருக்கும் பெருவாரிப்பள்ளம் அணையும் தூணக்கடவோடு இணைக்கப்பட்டது. தூணக்கடவிலிருந்து மலையைக் குடைந்து வரும் தண்ணீர், கிழக்குச் சரிவின் அடிவாரத்தில் சர்க்கார்பதி மின் நிலையத்தில் விழுகிறது. அங்கேதான் அது நம் பக்கத்துத் தண்ணீர் ஆகிறது. அங்கிருந்து ஒரு பிரிவு ஆழியாறு அணைக்கு. பெரும் பிரிவு, மலையின் இடுப்பைச் சுற்றிக்கொண்டு ஏறாமலும் சட்டென இறங்காமலும் சுமார் 49 கிலோமீட்டர் போகும் காண்டூர் கால்வாய் வழியாகத் திருமூர்த்தி அணைக்கு. திருமூர்த்தியிலிருந்து பிரதான கால்வாய், கிளைக் கால்வாய், பகிர்மானக் கால்வாய், வாய்க்கால், மடை, வயல்.

ஆற்றுப் படுகைக் கணக்கில் பார்த்தால் இது இன்னும் வியப்பானது. நீராறு பெரியாற்றுப் படுகையைச் சேர்ந்தது. சோலையாறும் பரம்பிக்குளமும் சாலக்குடி ஆற்றின் கிளைகள். ஆழியாறும், திருமூர்த்தி அணை கட்டியிருக்கும் பாலாறும் பாரதப்புழையின் கிளைகள். காங்கேயம், வெள்ளகோவில் வயல்களின் கசிவு நொய்யலுக்கும் அமராவதிக்கும், அங்கிருந்து காவிரிக்கும் போகிறது. ஒரே சொட்டு நான்கு படுகைகளைத் தாண்டி வந்திருக்கிறது.

இப்போது தேக்குவது பற்றி. வினாடிக்கு 11,574 கன அடி வீதம் ஒரு நாள் முழுக்க ஓடினால் ஒரு டி.எம்.சி. அதையே வயலில் ஒரு அடி உயரத்துக்கு நிறுத்தினால் சுமார் 23,000 ஏக்கர் நனையும். இந்த இரண்டு கணக்கையும் மனதில் வைத்துக்கொண்டால் அணைச் செய்தி எதையும் நாமே எடை போட்டுப் பார்க்கலாம்.

அணையின் அடிப்பகுதியில் இருக்கும் தண்ணீர் நமக்கு உதவாது. சுரங்கத்தின் வாயோ மதகோ எந்த உயரத்தில் இருக்கிறதோ, அதற்குக் கீழே உள்ளதை இறைத்தால்தான் உண்டு. பரம்பிக்குளத்தின் மொத்தக் கொள்ளளவு 17.82 டி.எம்.சி. ஆனால் அதில் பயன்படுத்தக்கூடியது சுமார் 13.4 தான். மீதி நான்கு டி.எம்.சி.க்கும் மேல் அடியில் தங்கிவிடும். ஆழியாறு அணையின் மொத்தக் கொள்ளளவே 3.864 டி.எம்.சி. என்று நினைத்துப் பாருங்கள். ஒரு ஆழியாறு முழுக்க பரம்பிக்குளத்தின் அடியில் கிடக்கிறது.

அப்புறம் அடிக் கணக்கு. ஆழியாறு 120 அடி. நீர்மட்டம் 60 அடி என்று செய்தி வந்தால் பாதி அணை இருக்கிறது என்று நினைத்துக்கொள்கிறோம். அப்படியில்லை. பள்ளத்தாக்கு கீழே குறுகி மேலே விரிந்து புனல் மாதிரி இருக்கிறது. அதனால் அடியில் உள்ள பத்து அடியில் கொஞ்சம்தான் பிடிக்கும், மேலே உள்ள பத்து அடியில் பல மடங்கு பிடிக்கும். 60 அடியில் இருப்பது பாதியைவிட வெகு குறைவு. அணை நிரம்பும்போது கடைசி அடிகள் மெதுவாக ஏறுவதும், வெயில் காலத்தில் மட்டம் கீழே போகப்போக வேகமாக இறங்குவதும் இதனால்தான். நீர்மட்டத்தோடு கொள்ளளவையும் சேர்த்தே போடும் செய்திகளை மட்டும் நம்புங்கள் என்பது என் வேண்டுகோள்.

திருமூர்த்தி அணை இன்னும் சுவாரசியமானது. அதன் உயரம் 60 அடி, கொள்ளளவு 1.935 டி.எம்.சி. அதை நம்பி இருக்கும் ஆயக்கட்டு, அதாவது பாசனப் பரப்பு, சுமார் 3.77 லட்சம் ஏக்கர். இதை நான்கு மண்டலங்களாகப் பிரித்திருக்கிறார்கள், ஒவ்வொன்றும் சுமார் 94 ஆயிரம் ஏக்கர். முழுக்க நிறைந்த திருமூர்த்தியை ஒரே ஒரு மண்டலத்துக்கு மட்டும் கடைசிச் சொட்டுவரை திறந்துவிட்டால் எவ்வளவு நிற்கும்? அரை அடிகூட வராது. வழியில் ஆவியாவதையும் மண் குடிப்பதையும் கழிக்காமலே இந்தக் கணக்கு.

அப்படியானால் இவ்வளவு சின்ன அணை இவ்வளவு பெரிய ஆயக்கட்டை எப்படித் தாங்குகிறது? அதற்கு வேலை, சேர்த்துவைப்பதைவிட வாங்கிக் கொடுப்பதுதான். ஒரு பக்கம் காண்டூர் கால்வாயில் தண்ணீர் வந்துகொண்டே இருக்கும், மறுபக்கம் பிரதான கால்வாயில் போய்க்கொண்டே இருக்கும். மலையிலிருந்து வருவது ராத்திரி பகல் பார்க்காது, ஒரே சீராக வரும். வயலுக்குத் தேவை ஒரு வாரம் கூடும், ஒரு வாரம் குறையும். அந்த வித்தியாசத்தைத் தாங்கும் இடம் திருமூர்த்தி. கால்வாயை அடைத்திருக்கும் நாட்களில் அணை ஏறும், திறந்த நாட்களில் இறங்கும். காண்டூர் கால்வாயில் வினாடிக்கு 1,000 கன அடி வருவதாக வைத்துக்கொண்டால், காலியான திருமூர்த்தி நிரம்ப இருபத்திரண்டு நாளுக்கு மேல் ஆகும். அதனால் மேலே சோலையாறும் பரம்பிக்குளமும் நிறைந்து நின்றாலும், கீழே திறப்பதற்கு நாள் குறிக்கும்போது காண்டூர் கால்வாயின் அகலத்தைத்தான் பார்க்கவேண்டியிருக்கிறது. மலையிலிருந்து ஒரு பாறை உருண்டு அந்தக் கால்வாயின் பக்கச் சுவரை உடைத்துவிட்டால், மூன்று லட்சம் ஏக்கருக்கு மேல் அதற்காகக் காத்திருக்கும். சீரமைப்புக்காகக் கால்வாயை நிறுத்தும் காலத்தில் விவசாயிகள் படும் பதற்றம் இதனால்தான்.

அடுத்தது கைமாற்று. இந்தத் திட்டத்தின் உயிர் இதில்தான் இருக்கிறது. ஆனால் பேச்சில் மிகவும் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதும் இதுவே.

கொங்குப் பக்கம் ‘கைமாத்து’ என்று ஒன்று உண்டு. பக்கத்து வீட்டில் ஒரு படி அரிசி வாங்கினால், திருப்பிக் கொடுப்பது அதே அரிசி மணியாக இருக்கவேண்டியதில்லை. அதே அளவு, சொன்ன நேரத்தில் வந்தால் போதும். இரு மாநிலங்களுக்கு இடையே நடப்பதும் கிட்டத்தட்ட அதுதான். பரம்பிக்குளம், தூணக்கடவு, பெருவாரிப்பள்ளம் மூன்று அணைகளும் கேரள எல்லைக்குள் இருக்கின்றன. ஆனால் அவற்றை இயக்குவது தமிழ்நாடு. அங்கே பிடித்த தண்ணீர் கிழக்கே வந்துவிடுகிறது. சாலக்குடி ஆற்றுக்குப் போயிருக்க வேண்டியது அது. இதற்கு ஈடாகக் கேரளத்துக்கு இரண்டு இடங்களில் தண்ணீர் கொடுக்க வேண்டும் என்று ஒப்பந்தம் சொல்கிறது. ஒன்று, மலையில். கேரளச் சோலையாறு அணைக்கு ஆண்டுக்கு 12.3 டி.எம்.சி. இன்னொன்று, சமவெளியில். மணக்கடவு தடுப்பணையில் அளந்து, பாலக்காட்டுப் பக்கத்துச் சித்தூர்ப் புழைக்கு ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. இவ்விரண்டும் சேர்த்து 19.55. தமிழ்நாட்டின் பங்கு 30.5. தண்ணீர் ஆண்டு ஜூலை 1-ல் தொடங்கி ஜூன் 30-ல் முடிகிறது.

மணக்கடவில் சித்தூர் விவசாயிக்குப் போகும் தண்ணீரைக் கவனியுங்கள். அது ஆழியாற்றில் ஓடி வருகிறது. ஆழியாறு அணைக்கு அதன் சொந்தப் பள்ளத்தாக்கிலிருந்து வரும் தண்ணீரும் உண்டு, சர்க்கார்பதி வழியாக வரும் பரம்பிக்குளத்துத் தண்ணீரும் உண்டு, மலையில் மேல் ஆழியாற்றிலிருந்து நவமலை மின் நிலையத்தில் விழுந்து வருவதும் உண்டு. எல்லாம் ஒரே குளத்தில் கலந்துவிட்ட பிறகு எது யாருடையது என்று பிரிக்க முடியாது, பிரிக்க வேண்டியதும் இல்லை. மணக்கடவு அளவுகோலில் எத்தனை கன அடி கடந்தது என்பதே கணக்கு. இப்படித்தான், கேரளத்துக்குள் சாலக்குடி ஆற்றில் எடுத்த தண்ணீருக்கு ஈடு, அதே கேரளத்தின் இன்னொரு மூலையில் பாரதப்புழையில் கிடைக்கிறது. சாலக்குடிக்காரருக்கு அதில் என்ன பயன் என்று கேட்டால், அந்தக் கேள்வியும் நியாயமானதே. மாநிலம் என்ற பெயரில் கணக்கு நேராகலாம், ஆற்றோரத்தில் வாழ்பவருக்கு ஆறு குறைந்ததாகவே இருக்கும்.

அளவு எவ்வளவு முக்கியமோ அவ்வளவு முக்கியம் நேரம். 7.25 டி.எம்.சி.யை ஆண்டு முழுக்கச் சமமாகப் பிரித்தால் வினாடிக்குச் சுமார் 230 கன அடி. ஆனால் வயலுக்கு அப்படித் தேவையில்லை. வெள்ளக் காலத்தில் ஒரே வாரத்தில் ஒரு டி.எம்.சி. ஓடிப்போனால் சித்தூர் விவசாயிக்கு அது எதற்கு ஆகும்? அவருக்கு நாற்று நடும் வாரத்திலும் கதிர் பிடிக்கும் வாரத்திலும் வேண்டும். அதனால் பதினைந்து நாளுக்கு இவ்வளவு என்று அட்டவணை போட்டுத் திறக்கிறார்கள். இரு மாநில அதிகாரிகள் உட்காரும் கூட்டு நீர் ஒழுங்காற்று வாரியம் இதைக் கவனிக்கிறது. பாலக்காட்டுக் கணவாயை ஒட்டிய சித்தூரின் கிழக்குப் பகுதியும் மழை குறைந்த இடம்தான். அங்கே தமிழ் பேசும் விவசாயக் குடும்பங்களும் நிறைய. எல்லைக்கு இந்தப் பக்கம் உள்ளவர் படும் அதே கவலைதான் அங்கேயும். “ஆழியாற்றில் தண்ணீர் குறைவாக இருக்கும்போது கேரளாவுக்கு ஏன் திறக்கிறார்கள்?” என்று கோபப்படுபவர்கள் இதைக் கொஞ்சம் நினைக்கவேண்டும். அந்தத் தண்ணீர் தானம் இல்லை. பரம்பிக்குளத்தில் நாம் எடுத்துக்கொண்டதற்குத் திருப்பிக் கொடுப்பது.

சோலையாற்றில் நேரக் கணக்கு இன்னும் கறாரானது. கேரளச் சோலையாறு அணை, தமிழ்நாட்டுச் சோலையாறுக்குக் கீழே இருக்கிறது. செப்டம்பர் 1 அன்றும் பிப்ரவரி 1 அன்றும் அது முழு மட்டத்தில் நிற்கும்படி தமிழ்நாடு பார்த்துக்கொள்ள வேண்டும். அவர்கள் அதில் மின்சாரம் எடுத்து, பிறகு பொரிங்கல்குத்து அணைக்கு விட்டு, கடைசியில் சாலக்குடிப் பாசனத்துக்குப் பயன்படுத்துகிறார்கள். செப்டம்பர் 1 என்பது தென்மேற்குப் பருவமழையின் பெரும்பகுதி முடிந்த நேரம். பிப்ரவரி 1 என்பது வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து கோடை தொடங்கப்போகும் நேரம். அதாவது மழை முடிந்து வறட்சி தொடங்கும் வாசலில் அவர்கள் கை நிறைந்திருக்க வேண்டும் என்று கேட்டு வாங்கியிருக்கிறார்கள். புத்திசாலித்தனமான நிபந்தனை. நீராறு தடுப்பணையிலும் இதேபோல நாள் கணக்கு உண்டு. அக்டோபர் 1 முதல் ஜனவரி 31 வரை அங்கே வரும் தண்ணீரைச் சோலையாற்றுக்குத் திருப்பாமல் கேரளத்துக்கு விடவேண்டும்.

இந்த நிபந்தனைகள் சோலையாறு அணையை இயக்குபவர் தலையில் எப்படி விடிகின்றன என்று பாருங்கள். அணையிலிருந்து இரண்டு வழி. ஒரு மின் நிலையம் வழியாக விட்டால் பரம்பிக்குளத்துக்கு, அதாவது நமக்கு. இன்னொன்று வழியாக விட்டால் கேரளச் சோலையாறுக்கு. நல்ல மழை ஆண்டில் சிக்கல் இல்லை. 160 அடியைத் தாண்டினால் மிகுந்தது சேடல் டேம் என்ற துணை அணை வழியாகத் தானாகவே பரம்பிக்குளம் பக்கம் வழியும். மழை குறைந்த ஆண்டில் ஆகஸ்டு மாதம் முழுக்கக் கையைப் பிசைய வேண்டும். பரம்பிக்குளத்துக்கு அனுப்பினால் திருமூர்த்தி ஆயக்கட்டுக்குத் திறக்கலாம், ஆனால் செப்டம்பர் 1 வந்துவிடும். அந்த நேரத்தில் சோலையாறு 150 அடி என்று செய்தி வந்தால், அதில் நமக்கு எவ்வளவு, செப்டம்பர் 1-க்கு எவ்வளவு என்று பிரித்துப் பார்த்தால்தான் டீக்கடைக் கேள்விக்குப் பதில் கிடைக்கும்.

மின்சாரத்தையும் இந்தக் கணக்கில் சேர்க்கவேண்டும். ஒரே தண்ணீர் மானாம்பள்ளியில் ஒருமுறை, சர்க்கார்பதியில் ஒருமுறை என்று இறங்கும்போதெல்லாம் மின்சாரம் தருகிறது. வயலுக்குப் போய்ச் சேரும்போது அது சம்பளம் வாங்கிவிட்டே வருகிறது என்று சொல்லலாம். மேல் ஆழியாறுக்கு மேலே உள்ள காடம்பாறையில் 400 மெகாவாட் நீரேற்று மின் நிலையம் இருக்கிறது. மின்தேவை குறைந்த நேரத்தில் மேல் ஆழியாற்றிலிருந்து தண்ணீரை மேலே ஏற்றி, தேவை கூடும் நேரத்தில் இறக்குகிறார்கள். தண்ணீர் செலவாவதில்லை, மேலும் கீழும் போய்வருகிறது. ஆனால் அந்த அளவு தண்ணீர் எப்போதும் மலையில் இருந்தாக வேண்டும், ஆழியாற்றுக்கு முழுதாக இறக்கிவிட முடியாது. பாசனத்துக்கு வேண்டியது சீரான ஓட்டம், மின்சாரத்துக்கு வேண்டியது வேண்டிய மணிக்கு வேகமான ஓட்டம். இரண்டையும் ஒத்துப்போக வைப்பது லேசான வேலை இல்லை.

இனி கொண்டு சேர்ப்பது. தமிழ்நாட்டின் பங்கான 30.5 டி.எம்.சி. முழுதும் வந்ததாகவே வைத்துக்கொள்வோம். ஆழியாறு, திருமூர்த்தி இரண்டும் சேர்ந்த ஆயக்கட்டு சுமார் 4.25 லட்சம் ஏக்கர். அத்தனைக்கும் ஒரே ஆண்டில் பிரித்தால் ஏக்கருக்கு ஒன்றரை அடியைக் கொஞ்சம் தாண்டும். நெல்லுக்கு அது போதாது, வழியில் இழப்பு வேறு. அதனால்தான் மண்டல முறை. ஒரு மண்டலத்துக்குத் திறக்கும்போது மற்ற மூன்றும் காத்திருக்கும். ஆண்டுக்கு இரண்டு மண்டலம் என்ற கணக்கில் ஒரு தோட்டத்துக்கு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை தண்ணீர் வரும். அந்த முறையிலும் தொடர்ந்து வராது. சுற்று என்று சொல்வார்கள். சில நாள் திறப்பு, சில நாள் அடைப்பு. மக்காச்சோளம், நிலக்கடலை, காய்கறி போடுகிறவர் நான்கு சுற்றா ஐந்து சுற்றா என்பதைக் கேட்டுக்கொண்டுதான் விதைப்பார். ஒரு சுற்று குறைந்தால் கதிர் பிடிக்கும் நேரத்தில் பயிர் வாடும்.

முதலில் திட்டமிட்ட பரப்பு இதைவிடக் குறைவு. பின்னால் ஆயக்கட்டை நீட்டிக்கொண்டே போனார்கள். தண்ணீர் நீளவில்லை, முறைதான் நீண்டது. வறண்டு கிடந்த ஊருக்கெல்லாம் ஒரு பங்கு கிடைத்தது என்பதில் நியாயம் இருக்கிறது. ஆனால் முதலில் வாங்கியவர்களுக்கு இடைவெளி கூடியது என்பதும் உண்மை. இரண்டு பக்கமும் நியாயம் இருக்கும் இடத்தில் தீர்வு சொல்வது கஷ்டம். என்னைக் கேட்டால், புதிதாக ஒரு ஏக்கரைக்கூடச் சேர்ப்பதற்கு முன் இருக்கும் கால்வாய்களின் கசிவை அடைப்பதே முதல் வேலை.

ஆழியாறு பக்கம் நிலைமை வேறு. அங்கே பழைய ஆயக்கட்டு என்று சுமார் 6,400 ஏக்கர் உண்டு. அணை வருவதற்கு முன்பே ஆற்றில் தடுப்பணை போட்டுப் பாசனம் செய்த காரப்பட்டி, அரியாபுரம், பள்ளிவிளங்கால், வடக்கலூர், பெரியணை என்ற ஐந்து வாய்க்கால்களின் நிலம். அவர்களுக்கு உரிமையில் முதலிடம். ஆற்றின் மேல் யாருக்கு முன்பே உரிமை இருந்ததோ, அவரை அணை கட்டியவர் மறக்கக்கூடாது என்பது இங்கே நடைமுறையாகவே இருக்கிறது. அதற்குப் பிறகே பொள்ளாச்சிக் கால்வாய், வேட்டைக்காரன்புதூர்க் கால்வாய் போன்ற புதிய ஆயக்கட்டு.

பிரதான கால்வாய் 120 கிலோமீட்டருக்கும் மேல் நீளம். தலைமடையில் இருப்பவருக்கு முதல் நாளே தண்ணீர், கடைமடையில் இருப்பவருக்குப் பல நாள் கழித்து, அதுவும் மிச்சம் இருந்தால். கரையோரக் கிணற்றுக்குக் குழாய் பதித்து ராத்திரியில் உறிஞ்சுவது, மடையைச் சொன்ன நேரத்துக்கு மேல் திறந்து வைப்பது எல்லாம் நடக்கிறது. வெள்ளகோவில் கிளைக் கால்வாய் விவசாயிகள் எத்தனையோ முறை தெருவுக்கு வந்து போராடியது இதற்காகத்தான். சோலையாற்றில் மில்லியன் கன அடிக் கணக்கில் அளந்து பார்க்கிற நாம், கடைமடையில் ஒரு மடைக்கு எவ்வளவு போய்ச் சேர்ந்தது என்று அளப்பதில்லை. எனக்கு இந்தத் திட்டத்தில் பெரிய மனக்குறை இதுதான். இரு மாநிலத்துக்கு நடுவே மணக்கடவில் ஒரு அளவுகோல் இருப்பதால்தான் அங்கே சண்டை வந்தாலும் பேசித் தீர்க்க ஒரு எண் இருக்கிறது. கிளைக் கால்வாய்க்குள் அப்படி ஒரு எண் இல்லாததால் அங்கே சந்தேகம்தான் மிஞ்சுகிறது.

கசிவிலும் ஒரு நன்மை உண்டு, அதையும் சொல்லவேண்டும். கால்வாயில் தண்ணீர் ஓடும் மாதங்களில் இரு பக்கமும் கிணறுகள் ஊறும். முறை வராத மண்டலத்தில்கூடத் தென்னை பிழைத்திருப்பது அந்த ஊற்றால்தான். கால்வாய்க்கு கான்கிரீட் போடவேண்டும் என்று கடைமடைக்காரர் கேட்பதும், போட்டால் கிணறு வற்றிவிடும் என்று தலைமடைக்காரர் பயப்படுவதும் இதனால்தான். கசிந்த தண்ணீர் வீணானதா, வேறொருவருக்குப் போய்ச் சேர்ந்ததா என்பது நாம் கால்வாயின் எந்த இடத்தில் நிற்கிறோம் என்பதைப் பொறுத்திருக்கிறது.

தேக்கியது கணத்தில் கைவிட்டுப் போகவும் கூடும் என்பதை 2022 செப்டம்பரில் பார்த்தோம். 21-ஆம் தேதி அதிகாலையில் பரம்பிக்குளம் அணையின் மூன்று ஷட்டர்களில் நடுவில் இருந்தது, எடைக்கல்லைத் தாங்கும் சங்கிலி அறுந்து, பெயர்ந்து போனது. வினாடிக்கு 20 ஆயிரம் கன அடி அளவில் தண்ணீர் சாலக்குடி ஆற்றுக்குப் பாய்ந்தது. ஷட்டரின் அடிமட்டம் வரை நீர் இறங்கிய பிறகுதான் ஓட்டம் நின்றது. அதற்குள் 5 டி.எம்.சி.க்கும் மேல் போய்விட்டது. ஆற்றோரத்தில் இருந்தவர்களைக் கேரளத்தில் இரவோடு இரவாக எச்சரிக்க வேண்டியிருந்தது. திருமூர்த்தியைப்போல் இரண்டரை அணைக்கும் மேலான தண்ணீர் அது. ஒரு மண்டலத்தின் பல சுற்றுகள். அந்தப் பக்கத்தில் அது வெள்ளமாக வந்ததால் யாருக்கும் உதவவில்லை, இந்தப் பக்கத்தில் கைக்கே வரவில்லை. பெரிய சுவர், பெரிய சுரங்கம் என்று பேசும் நாம் ஒரு சங்கிலியின் பராமரிப்பைப் பற்றிப் பேசுவதே இல்லை.

ஒப்பந்தத்தில் இன்னும் நிறைவேறாத ஒரு பகுதி இருக்கிறது. 30.5 டி.எம்.சி.க்குள் ஆனைமலையாற்றிலிருந்து எடுக்கவேண்டிய 2.5 டி.எம்.சி.யும் அடக்கம். ஆனால் கேரளம் இடமலையாறு அணைத் திட்டத்தை முடித்த பிறகுதான் அதைத் தமிழ்நாடு தொடங்கலாம் என்பது நிபந்தனை. இடமலையாறு அணை 1985-லேயே எழுந்துவிட்டது, ஆகவே நிபந்தனை நிறைவேறிவிட்டது என்பது தமிழ்நாட்டின் வாதம். திட்டம் இன்னும் முழுமையாகவில்லை என்பது கேரளத்தின் வாதம். ‘முடிந்தது’ என்ற ஒரு சொல்லுக்கு என்ன பொருள் என்பதில் இத்தனை ஆண்டுகள் போய்விட்டன. ஆனைமலையாறு–நல்லாறு திட்டத்தை நிறைவேற்றுங்கள் என்பது உடுமலை, பொள்ளாச்சி விவசாயிகளின் நீண்ட நாள் கோரிக்கை.

முப்பது ஆண்டுக்கு ஒருமுறை ஒப்பந்தத்தை மறுஆய்வு செய்யலாம் என்று எழுதியிருக்கிறார்கள். 1958-லிருந்து கணக்கு வைத்தால் முதல் மறுஆய்வு 1988-ல் வந்திருக்கவேண்டும். 2019 செப்டம்பரில் அப்போதைய முதல்வர்கள் எடப்பாடி பழனிசாமியும் பினராயி விஜயனும் திருவனந்தபுரத்தில் சந்தித்துப் பேசி, அதிகாரிகள் குழு அமைப்பதாக முடிவெடுத்தார்கள். ஆனைமலையாற்றில் இன்னும் அணை எழவில்லை. அந்த ஆற்றின் தண்ணீர் முன்போலவே மேற்கே இறங்கி இடமலையாறு நீர்த்தேக்கத்துக்குப் போய்க்கொண்டிருக்கிறது.